மல்லாட்டைக் கொல்லையில் சோலார்

ஜனவரி 18, 2024

நிலத்துக்காரர் கோதண்டபாணி ஆள் அனுப்பி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருந்தார். திரும்பி வந்தவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். இரண்டு தரம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். நாங்கள் வேர்க்கடலை போட்டிருக்கும் கொல்லையைச் சோலார் கம்பெனிக்கு விடுகிறார்களாம்.

"மல்லாட்டை எடுத்ததும் உட்ருன்னாரு."

"நீ இன்னா சொன்னே?"

"சரிங்க ஐயான்னேன்."

சரிங்க ஐயா! மாமனார் காலத்திலிருந்து விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிர் வைக்கிறோம். ஊரில் அதற்கு இவர் பேரில் சின்னப்பராஜ் கொல்லை என்றுதான் பேர். பட்டா மட்டும் கோதண்டபாணி பேரில்.

பிப்ரவரி 6

அங்கன்வாடிக்கு லீவு போட்டுவிட்டுத் திண்டிவனத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். இவர் வரவில்லை. வாய்ப்பேச்சு வாரம் என்றதும் வக்கீல் பேனாவை மூடிவிட்டார். "எழுத்து இல்லாம நான் இன்னாம்மா பண்றது?"

வரும் வழியில் கம்பெனி பலகை. பசுமை மின்சாரம் என்று போட்டிருந்தது. பஸ்ஸில் நின்றபடியே படித்தேன்.

பிப்ரவரி 27

ஜேசிபி இறங்கிவிட்டது. காய் இன்னும் முற்றவில்லை. செடி செடியாகப் புரட்டிப் போட்டதில் பால் பருப்பு நசுங்கிக் கிடந்தது. இவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கோதண்டபாணியிடம் ஓடினேன்.

"ரெண்டு வாரம் பொறுக்கக் கூடாதாங்க?"

"கம்பெனிக்காரன் நிக்க மாட்டான்மா. உன் ஊட்டுக்காரனுக்கு கேட்ல வேலை சொல்லி வச்சிக்கிறேன், போ."

நல்லது செய்த முகத்தோடு காரில் ஏறினார்.

மார்ச் 31

ஈஸ்டர் பூசைக்குத் தனியாகப் போனேன். இவர் விழுப்புரத்தில், செக்யூரிட்டி டிரெய்னிங்கில்.

ஜூலை 14

நீலச் சட்டை, தொப்பி. பிறந்ததிலிருந்து நடந்த கொல்லைக்குள் போக இவர் கழுத்தில் அட்டை மாட்டிக்கொள்கிறார். கிணற்றையும் மூடிவிட்டார்களாம். அதை எதற்கு என்னிடம் வந்து சொல்ல வேண்டும்? சோறு மட்டும் வைக்கிறேன்.

செப்டம்பர் 10

பக்கத்து வீட்டு ஜெயம் எங்கள் கொல்லையில் களை வெட்டியவள். அந்த வேலை போன பிறகு அவளுக்கு ஆடுகள்தான். பேனல்களுக்கு நடுவே புல் அறுக்கப் போயிருக்கிறாள். பிடித்தது இவர்.

"உங்க ஊட்டுக்காரரு என் கையப் புடிச்சி இஸ்துக்கினு போறாரு அமலு. திருடிய இஸ்துக்கினு போறாப்பல."

இவர் வந்ததும் கேட்டேன்.

"நான் புடிக்கலன்னா வேற ஆள வைப்பான்."

"வைக்கட்டுமே."

"அப்பறம் இன்னாத்த துன்றது?"

என் அங்கன்வாடிச் சம்பளத்தில் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது— இவர் மேலா, கோதண்டபாணி மேலா? பலகை வைத்தவன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 14

ஜெயத்தோடு நாங்கள் சில பெண்கள் கேட் வழியாகவே உள்ளே போனோம். லாரிக்காகத் திறந்திருந்தது. இவர் தடுக்கவில்லை. கட்டுக் கட்டாக அறுத்தோம். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்துவிட்டான்.

"எல்லார் பேரும் எழுதுங்க சின்னப்பராஜ். போலீசுக்குக் குடுக்கணும்."

இவர் நோட்டை விரித்தார். என் முறை வந்தது. தலை நிமிராமல், "பேரு?" என்றார்.

"அமல்ராணி."

"ஊட்டுக்காரர் பேரு?"

ஜெயம் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் பேரை இவரிடமே சொன்னேன். எழுதிக்கொண்டார். மேனேஜர் எட்டிப் பார்த்து, இவரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

செப்டம்பர் 15

இவருக்கு வேலை போய்விட்டது. சட்டையைத் துவைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் துவைத்தேன்.

டிசம்பர் 9

போலீஸ் வரவில்லை. கம்பெனி புல்லுக்கு மருந்து அடித்துவிட்டது, எல்லாம் கருகிப் போயிற்று. ஜெயம் ஆடுகளை விற்றுவிட்டாள். இவர் இப்போது வளவனூர் பக்கம் கரும்பு வெட்டப் போகிறார்.

நேற்று ஜெயம் வாசலில் நின்று, அந்தக் கரும்பு வெட்டும் ஆள் செட்டில் தனக்கும் இடம் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டாள். இவரைப் பார்க்கவில்லை. இவர்தான் உள்ளேயிருந்து சொன்னார்:

"காலைல வேனுக்கு வரச் சொல்லு."

இன்று இருவரும் ஒரே வேனில் ஏறினார்கள். அவள் முன்னால், இவர் பின்னால். வழியில் பேசிக்கொண்டார்களா, தெரியாது. எனக்கும் அங்கன்வாடிக்கு நேரமாகிவிட்டது.