பீப் போட்ட தெருப்பெயர்

ஆனி 12, வியாழன்.

திண்டிவனத்துல என் ரெக்கார்டிங் ரூமுக்கு மதியம் கீதா வந்தா. எங்க ஊர் காலனிப் பொண்ணு. ராப் பாடறவ. பறை அடிக்கு மேல மூச்சு விடாம பேசிக்கினே போற பாட்டு. காலனிப் பொணத்தை எந்தத் தெரு வழியா விடமாட்டேங்கறாங்கன்னு பேரு சொல்லியே பாடியிருந்தா.

மிக்ஸ் பண்ணும்போது அந்தப் பேரு வர்ற இடத்துலெல்லாம் பீப் போட்டு வெச்சேன். கெட்ட வார்த்தைக்குப் போடறோமே, அதேதான். எதுக்கு வம்புன்னு.

கேட்டுட்டு ஹெட்போனைக் கழட்டினா. "ஏண்ணா, நான் எதுவும் அசிங்கமா பேசலியே?"

"எங்க தெருப் பேருக்குத்தாம்மா போட்டேன். பிரச்சினை ஆயிடும்."

"உங்க தெரு பேரே அசிங்கம்னு நீங்களே சொல்றீங்க." கோவமே இல்லாமத்தான் சொன்னா. "அப்படியே இருக்கட்டும்ணா. நான் எழுதினதைவிட இது நல்லாருக்கு."

பாட்டை பென்டிரைவ்ல வாங்கிக்கினு கெளம்பிட்டா.

சாயங்காலம் வீட்டுக்குப் பார்சல் கொண்டாந்த ஆளு போன் பண்ணி, எந்தத் தெருங்கன்னு கேட்டார். பேரைச் சொல்ல எனக்கு வாய் வரல. கோயிலாண்ட வந்து நில்லுங்க, நானே வர்றேன்னு சொல்லிட்டேன்.