தீயில் வேகாத திருகு

அன்புள்ள அப்பா,

உங்களுக்குக் கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். எதிரில் உட்கார்ந்திருந்தபோதே நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள் நான். இப்போது ஊரே படிக்கும்படி எழுதுகிறேன் என்றால் உங்களுக்குச் சிரிப்புதான் வரும். வேறு வழி தெரியவில்லை. அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பந்தலில் இந்த வருஷமும் புடலை நன்றாகக் காய்த்திருக்கிறது. சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். காய் மினி ஆட்டோவில் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போகிறது. நானும் காலையில் அதே வண்டியில் ஏறிக் கிளினிக்குக்குப் போய்விடுகிறேன். அதே டாக்டரம்மாவிடம்தான் வேலை. நம் வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போன பெண் பல் டாக்டராகி, முதலில் வாயைத் திறக்கச் சொன்னது உங்களைத்தான். நினைவிருக்கிறதா?

உங்களுக்குக் கீழ்வரிசையில் கடைவாய்ப் பல் இரண்டு போயிருந்தது. முன்னால் உங்கள் சொந்தப் பல், பின்னால் டாக்டரம்மா எலும்பில் பதித்த டைட்டானியத் திருகு, இரண்டையும் இணைத்துச் செயற்கைப் பற்களால் ஒரு பாலம். நடுவில் இன்னொரு திருகு வைக்க எலும்பு போதவில்லை.

பல்லும் திருகும் ஒன்றல்ல என்று உங்களுக்குச் சொல்ல நம் பந்தலைத்தான் இழுத்தேன். பல், ஈர மண்ணில் நட்ட மரக்கால் மாதிரி. அது எலும்போடு ஒட்டியிருப்பதில்லை, சுற்றிலும் மெல்லிய நார்களில் தொங்குகிறது. கடித்தால் மயிரிழை அளவு அமுங்கி மறுபடி எழும்பும். திருகைச் சுற்றி எலும்பே இறுகிவிடும், அது கல்தூண். பாரம் ஏறும்போது பல் அமுங்கும், திருகு அமுங்காது. அப்போது பாலம், திருகிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை மாதிரி வளையப் பார்க்கும். பாரமெல்லாம் திருகின் கழுத்தில் போய் நிற்கும். சிலருக்கு நாள்பட நாள்படப் பல் பாலத்தை விட்டு மெல்லக் கீழே இறங்கிவிடுவதும் உண்டு.

"அப்ப என் வாயிலயும் பந்தல் போட்டுட்ட. காய் எப்பப் பறிக்கலாம் தாயி?" என்றீர்கள். டாக்டரம்மா முகமூடிக்குள் சிரித்தார்.

பாரம் குறையட்டும் என்று நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, பாலத்தில் அழுத்தமாக மை பட்ட இடங்களை நான்தான் தேய்த்து இறக்கினேன். கொஞ்ச நாள் கழித்து வந்து கேட்டீர்கள்.

"அந்தப் பக்கம் மென்னா ஒண்ணுமே தெரியலையே. சோத்துல கல்லு கெடந்தாக்கூடவா தெரியாது?"

"அம்புட்டாத் தெரியாதுப்பா. அழுத்துதுன்னு சொல்றதே அந்த நாருதான். திருகுக்கு நாரு கெடையாது."

"குடுத்து வச்ச பல்லு," என்றீர்கள்.

ஐப்பசியில் பந்தலடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். உங்களை எரித்த மறுநாள் சுடுகாட்டுக்கு எலும்பு பொறுக்கப் போன சித்தப்பா திரும்பி வந்தபோது முகமே சரியில்லை. தெருமுனைக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டே பங்காளிகள் பேசியது வாசலில் நின்ற எனக்கும் அம்மாவுக்கும் கேட்டது.

"தாடையெலும்புல ஆணிய்யா. வேகவே இல்ல."

"செய்வினைதான். நல்லா இருந்த மனுசன் பொசுக்குன்னு போனப்பவே நெனச்சேன்."

"எவன் வச்சான்னு தெரியாதாக்கும்?"

அவர்கள் பார்வை, நம்மோடு வரப்புத் தகராறு செய்தவர் வீட்டுப் பக்கம் திரும்பியது. ஆண்கள் கூடி நிற்கும் இடத்தில் நான் பேசியதே இல்லை. அன்றைக்கு நடுத்தெருவரை நடந்துபோய்ச் சொன்னேன். "அது ஆணி இல்ல சித்தப்பா. அப்பா பல்லுக்கு நாங்க வச்ச திருகு."

"ஏத்தா, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? செத்த நேரம் போயிருந்தா வெட்டுக்குத்தாயிருக்கும்," என்றார் ஒருவர். சித்தப்பா ஈர வேட்டி முனையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து என் கையில் வைத்தார். "வீட்டுக்குள்ள கொண்டு போயிராத தாயி." கொண்டுபோகவில்லை. கிளினிக்கில் என் மேசை இழுப்பறையில், பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன்.

ஊர் அதோடு விட்டுவிட்டது. அம்மாதான் விடவில்லை. அவளுக்கும் கடைவாய் காலி, அடுத்து அவளுக்குத்தான் என்று நாமெல்லாம் பேசி வைத்திருந்தோமே. இப்போது கேட்டால் தலையாட்டி மறுக்கிறாள். மூன்று வேளையும் கஞ்சிதான். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்தால் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறாள். அவள் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, அப்பா.

"ஆணின்னு பயப்படுறியாம்மா?"

"பயமெல்லாம் இல்லடி. அம்புட்டு மனுசனும் எரிஞ்சு போயி அது மட்டும் கெடந்துச்சே. எனக்கு அப்படி ஒண்ணும் மிச்சம் வேணாம். போறப்ப முழுசாப் போறேன்."

"இப்பவே போற மாதிரிதான் சாப்பிடுற."

"போயி ஒன் வேலையப் பாரு."

ஒருநாள் எப்படியோ கூட்டிப்போய் எக்ஸ்ரே படம் மட்டும் எடுத்தேன். அம்மாவுக்கு எலும்பு போதும். திருகுகளின் மேலேயே பாலத்தை நிறுத்திவிடலாம், பல்லோடு இணைக்க வேண்டியதில்லை. முடிகிற இடத்தில் அதுதான் நல்லது என்று டாக்டரம்மாவும் சொல்கிறார். ஆனால் அம்மா வாயைத் திறக்க வேண்டுமே?

நீங்கள் போனபோது நான் அழவில்லை. படித்த பிள்ளை, தைரியமாக இருக்கிறது என்றார்கள். அம்மா கொஞ்சம் கொஞ்சமாக அமுங்குகிறாள். நான் பக்கத்தில் அசையாமல் நிற்கிறேன். இது தைரியம்தானா, அப்பா?

ஒரு வாக்குத் தருகிறேன். அம்மா கடைவாயில் வறுத்த கடலை மெல்லும் அன்றைக்கு, உங்கள் திருகைப் பந்தலின் கல்தூணடியில் நானே புதைக்கிறேன். அதுவரை என்னிடம் இருக்கட்டும்.

இவ்வளவும் எழுதியது ஒன்று கேட்பதற்காகத்தான். மார்கழியில் கன்றுக்குட்டியை விலை பேசி முடித்த பிறகு, "ராத்திரி ஒங்கப்பா வந்து விக்காதேன்னாரு" என்று அம்மா கொடுக்க மறுத்துவிட்டாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் மட்டும்தான் அவள் கேட்பாள். இன்னொரு தரம் வந்து, "போயி வாயத் தெற" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். என் கனவில் நீங்கள் இன்னும் ஒருமுறைகூட வரவில்லை. பரவாயில்லை, அப்பா. அவள் கனவில் வாருங்கள்.

நீங்கள் தாயி என்று கூப்பிட்ட
உங்கள் மகள்