ரெண்டு மழை

கடலூர் முதுநகர்,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுத பின்.

அன்பு மகன் தவ்ஹீதுக்கு உம்மா ஆரிபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ டப்ளினில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய்வருகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே வாப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, எனக்குப் பிரஷர் மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள், ஆனாலும் இரண்டு பேரும் எங்கள் காலில்தான் நடமாடுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். பக்கத்து வீட்டு லூர்துசாமி சார் மகள் சிந்துஜா உங்கள் ஊருக்குப் படிக்க வருகிறாள் அல்லவா, அவளிடம் இறால் ஊறுகாயும் மிளகாய்ப் பொடியும் கொடுத்தனுப்புகிறேன், இந்தக் கடிதமும் அதோடுதான் வரும். பாவம், பெட்டியை எடை பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறாள், நீயே போய் வாங்கிக்கொள், அவளை உன் வாசலுக்கு அலையவிடாதே. உன் கல்யாணப் பேச்சு இதில் இல்லை, பயப்படாமல் படி.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். ஒன்று, நான் ஆரம்பித்தாலே நீ "விடுங்க உம்மா" என்கிறாய். இன்னொன்று, உன் சாச்சி மகள் தஸ்னீம் பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள், சுவருக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருக்கிறாள், அவள் காதில் விழக்கூடாத பேச்சு இது. அவள் வாப்பா, உன் சாச்சா தமீம் அன்சாரி, அடுத்த மாதம் மறுபடியும் நிக்காஹ் செய்துகொள்கிறார், கிள்ளையில் பெண். நீ அவருக்குப் போன் போட்டு முபாரக் சொன்னாயாம், துஆ செய்கிறேன் என்றாயாம், அதை அவரே வந்து சந்தோஷமாகச் சொன்னார். நான் முகம் கொடுக்கவில்லை என்று தெரிந்து நீ எனக்கு, "அவரும் மனுஷன்தானே உம்மா, மார்க்கத்துல இடம் இருக்குல்ல" என்று மெசேஜ் போட்டாய். மார்க்கத்தில் இடம் இருப்பது எனக்கும் தெரியும் மகனே. அவர் தனியாகச் சோறு பொங்கித் தின்ன வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் கோபம் வேறு. அதைத் தெரிந்துகொண்டு பிறகு யாருக்கு வேண்டுமானாலும் முபாரக் சொல்லு.

என் தங்கச்சி ஷஹனாஸைப் பற்றி உனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உனக்கு அவள் பெருநாளைக்குக் காசு கொடுக்கிற சாச்சி, சிரிப்பை அடக்கத் தெரியாத சாச்சி. எனக்கு அவள்தான் பேச்சுத்துணை. வாப்பா கடைக்குப் போன பிறகு பஸ் ஏறிச் சிதம்பரம் போவேன், பஸ் ஸ்டாண்டில் கொளஞ்சி தன் புத்தகக் கடையில் அந்த மாதத்துத் துப்பறியும் நாவல்களை எடுத்துவைத்திருப்பார், அதை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனால் அவள் உலையை இறக்கும்போதே ஒரு கையில் புத்தகத்தைப் பிரித்துவிடுவாள். பாதிப் புத்தகத்தில் கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவாள். நான் இல்லை என்று சண்டை போடுவேன், கடைசியில் அவள் சொன்னவன்தான் மாட்டுவான். எப்படிடி கண்டுபிடிக்கிறாய் என்றால், "லாத்தா, பொய் சொல்றவன் கேக்காததுக்குப் பதில் சொல்லுவான், அத மட்டும் பாருங்க" என்பாள். செருப்புக் கடைக்காரர் பெண்டாட்டியாய் அடுப்படியில் கிடந்த பெண், போலீசில் சேர்ந்திருக்க வேண்டியவள் என்று வாப்பாகூடக் கேலி செய்வார்.

தஸ்னீம் கல்யாணத்துக்கு நீ லீவு கிடைக்காமல் வரவில்லை. ரம்ஜான் முடிந்து, நல்ல வெயிலில் நடந்த கல்யாணம். மணப்பெண்ணுக்குப் பூ வைக்க என்னைக் கூப்பிட்டாள், தாய் வைக்க வேண்டியதை நான் ஏன் வைக்க வேண்டும் என்றதற்கு, "தோள் புடிச்சிருக்கு லாத்தா, கை ஏற மாட்டேங்குது" என்றாள். கல்யாண வேலையில் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். பெண்ணை லால்பேட்டைக்கு அனுப்பிவைத்த பிறகுதான், மாரில் ஒரு கட்டி, இப்போதுதான் தட்டுப்பட்டது என்று என்னிடம் சொன்னாள். நான்தான் அவளைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனேன். அங்கே டாக்டரம்மா கையை வைத்துப் பார்த்ததுமே, "இது ரொம்ப மாசமா இருந்திருக்கணுமேம்மா, முன்னாடியே தெரியலயா" என்று கேட்டார். இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, தெரியவில்லை, வலியே இல்லை, வலித்தால் வந்திருக்க மாட்டேனா, பெண்ணுக்குக் கல்யாணம் வேறு இருந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். டாக்டரம்மா ஒன்றுதான் கேட்டார், இவள் நாலு பதில் சொன்னாள். என் காதில் அது விழுந்தது, மனதில் ஏறவில்லை. அப்புறம் ஊசி மருந்து, முடி கொட்டியது, வாய் வெந்து கஞ்சிகூட இறங்கவில்லை, அடுத்த மழை முடிவதற்குள் மௌத்தாகிவிட்டாள். மற்றதெல்லாம் நீ போனில் கேட்டது, திரும்ப எழுதக் கை வரவில்லை.

மய்யித்து வீட்டில் நடந்ததை உனக்கு நான் சொன்னதில்லை. மூன்றாம் நாள் யாசீன் ஓதி முடித்து ஜனங்கள் கலைவதற்குள், சாச்சாவின் தங்கை அலமாரியிலிருந்த நாவல்களையெல்லாம் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள், பழைய பேப்பர்காரனுக்காம். "இந்தக் கொலைக்கதையெல்லாம் இருக்கிற ஊட்டுல வானத்துலேருந்து மலக்கு எறங்குமா, ஓதவேண்டிய நேரத்துல இதத்தானே படிச்சா" என்று எல்லாப் பெண்களுக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள். என் தங்கச்சி ஒரு வக்து தொழுகையை விட்டதில்லை, ஊசி போட்ட கையோடு உட்கார்ந்தாவது தொழுதாள், அது யாருக்கும் ஞாபகமில்லை. நான் ஒன்றும் பேசாமல் ஆட்டோ பிடித்துச் சாக்குகளை ஏற்றிப் பஸ்ஸில் கடலூருக்குக் கொண்டுவந்தேன். சாக்குகளுக்கும் டிக்கெட் போடச் சொன்ன கண்டக்டரிடம்தான் அன்றைக்குக் கத்தினேன், அந்த ஆள் என்ன பாவம் செய்தான். அப்புறம் தெருவில் பெண்கள் பயானுக்குக் கூப்பிட்டார்கள், போனேன். பொறுமையைப் பற்றிப் பேசினார்கள், சத்தம் போட்டு அழுதால் கபரில் இருப்பவருக்கு வேதனை என்றார்கள். உயிரோடு இருந்தபோது அவள் பட்ட வேதனையைக் கேட்க ஆளில்லை, இப்போது என் கண்ணீருக்குக் காவல் போடுகிறார்களா என்று எழுந்து வந்துவிட்டேன். தொழுகையை விடவில்லை. நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் அவளுக்காக மட்டும் கேட்கிறேன், எனக்கென்று கேட்க வாய் வரவில்லை. சோறு ஆக்குகிறேன், மீன்காரி வந்தால் விலை பேசுகிறேன், துணி காயப்போடுகிறேன். சங்கரா மீன் நன்றாக அமைந்துவிட்டால் அவளிடம் சொல்லப் போனை எடுத்துவிட்டு வைக்கிறேன்.

இனிமேல்தான் விஷயம். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாச்சா நிக்காஹ் பத்திரிகை கொடுக்க வந்தார். தலைக்குச் சாயம் போட்டிருந்தார். தஸ்னீம் ஸ்கேன் எடுக்க அவள் வீட்டுக்காரரோடு மஞ்சக்குப்பம் போயிருந்தாள், நல்லவேளை. வாப்பாவும் அவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொல்ல ஆரம்பித்தார், "ரெண்டு மழை, மச்சான். ரெண்டு மழைக்காலம் நான் அவளோட பட்டது எனக்குத்தான் தெரியும். ஒரு நாள் நிம்மதியா கண்ண மூடல. இனிமேலாவது ஊட்டுல ஒரு வெளிச்சம் வேணாமா?" டீயைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு, எந்த ரெண்டு மழை என்று கேட்டேன். பேச்சுக்குச் சொல்றதுதான் லாத்தா என்றார். "நோவு தெரிஞ்சது கல்யாணத்துக்கு அப்பறம், வெயில்ல. அதுக்கப்பறம் வந்தது ஒரு மழை, அதுலயே அவ போயிட்டா. இன்னொரு மழை எது?" என்றேன். வாப்பா என்னை உள்ளே போகச் சொன்னார். நான் போகவில்லை.

அவர் டீ கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார், "மொத மழையிலயே சொன்னா லாத்தா. குளிக்கறப்ப கையில தட்டுப்படுதுன்னா. நான் என்ன பண்ணட்டும், அப்பத்தான் லால்பேட்டையில பேச்சு முடிஞ்ச நேரம். தாய்க்கு இந்த நோவுன்னு தெரிஞ்சா பொண்ணுக்கும் வரும்னு நிறுத்திட மாட்டாங்களா? கல்யாணம் முடியட்டும், உங்க லாத்தாகிட்டகூட வாயத் தொறக்காதன்னேன். அவளும் சரின்னா." கேட்காமலே இன்னொரு தரம் அவளும் சரின்னா என்றார். "உங்களுக்கும் ஒரு பொண்ணு இருந்திருந்தா தெரியும் லாத்தா. எல்லாம் அல்லாஹ்வோட நாட்டம்" என்றார். நான், அல்லாஹ் கட்டியைக் கொடுத்தான், கையில் தட்டுப்படவும் வைத்தான், வாயைத் திறக்காதே என்று சொன்னது நீங்கள், அதை அவன் கணக்கில் எழுதாதீர்கள் என்றேன்.

நாங்கள் படித்த கதைகளில் உண்மையை ஒத்துக்கொண்டால் பிறகு கொஞ்சம்தான் பக்கம் மிச்சமிருக்கும், போலீஸ் ஜீப் வந்து நிற்கும். உன் சாச்சா டீயைக் குடித்தார், சர்க்கரை கம்மி என்றுகூடச் சொன்னார், பத்திரிகையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வாப்பாவுக்குக் கைகொடுத்து முஸாபஹா செய்துவிட்டுப் போனார். நான் கண்டுபிடித்து என்ன கிடைத்தது? அவர்மேல் இருக்கிற கோபத்தைவிட என் தங்கச்சிமேல் வருகிற கோபம் எனக்குத் தாங்கவில்லை. ஊரெல்லாம் பொய்யைப் பிடிக்கிறவள், டாக்டரம்மாவிடம் அவருக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள், ஊசி ஏறும்போது என் மடியில் தலைவைத்துக்கொண்டும் சொல்லவில்லை. அந்த மனுஷனைக் காட்டிக்கொடுக்காமலே போய்ச் சேர்ந்தாள். வாப்பா அன்று இரவுச் சோறு சாப்பிடவில்லை. சொந்தம் விட்டுப்போகக்கூடாது, நான் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்கிறார். போகட்டும். நான் போக மாட்டேன்.

தஸ்னீமுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் நினைத்துக்கொண்டிருப்பது வேறு. உம்மா பிடிவாதத்தில் எல்லாரிடமும் மறைத்துவிட்டாள், பெற்ற பெண் என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்து செத்துப்போனாள் என்று அவளுக்கு மனதில் அப்படியே கிடக்கிறது. அழுவதுகூட இல்லை, முகத்தை இறுக்கிக்கொள்கிறாள். நேற்று எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தேன், வயிறு நன்றாக இறங்கியிருக்கிறது, பெண்ணாகத்தான் இருக்கும், ஷஹனாஸ் என்றே வைத்துவிடலாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "வேணாம் பெரிம்மா. என்கிட்ட மறைச்சவ பேரு என் புள்ளைக்கு வேணாம்" என்றாள். உனக்காகத்தான்டி மறைத்தாள், உன் கல்யாணம் நிற்கக்கூடாதென்றுதான் அந்தக் கட்டியை வளரவிட்டாள் என்று தொண்டைவரைக்கும் வந்தது. சொன்னால் அவள் உம்மாவை மன்னித்துவிடுவாள், அதோடு தன்னை எந்தக் காலத்திலும் மன்னிக்க மாட்டாள். நிறைமாதத்துக்காரியிடம் அதை எப்படிக் கொடுப்பேன்? பிரசவத்துக்குப் பிறகு சொல்லலாமா என்றால், அப்போது மடியில் குழந்தை இருக்கும், என்றைக்குமே அதற்கு ஒரு நல்ல நாள் வராது. சரிம்மா என்று சொல்லிவிட்டுப் பின்னலை முடித்து ரப்பர் பேண்டு போட்டேன்.

ஒரு விதத்தில் உன் சாச்சா செய்ததையே நானும் செய்கிறேன், அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்செல்லாம் கசக்கிறது. அவர் வாயை மூடச் சொல்லி அவள் மூடினாள், இப்போது யாரும் சொல்லாமலே நான் மூடிக்கொண்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ உடனே போன் போட்டு அவரோடு சண்டைக்குப் போகாதே, அதில் யாருக்கும் லாபமில்லை, தஸ்னீம் காதுக்குத்தான் வந்துசேரும். முபாரக் சொன்னது சொன்னதுதான், அதைத் திரும்ப வாங்க முடியாது. நீ கொழுப்புச் சாப்பாட்டைக் குறை, ராத்திரியில் முழித்து வேலை பார்க்காதே, பெருநாள் தொழுகைக்கு அங்கே பள்ளிவாசல் தூரம் என்றாலும் போ. எல்லாம் வல்ல அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், உள்ளதைச் சொல்கிற வாயையும் தரட்டும், உன் வீட்டுக்கு வருகிற பெண்ணை வலிக்கிறது என்று சொன்ன அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப்போகிற புத்தியைத் தரட்டும், ஆமீன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் தஸ்னீமுக்குப் போன் போடு, போட்டால் அவள் உம்மாவைப் பற்றி ஏதாவது ஒரு நல்ல வார்த்தை பேசு, சிரிப்பாள், சமைப்பாள், எதையாவது சொல்லு. என்னால் முடியவில்லை மகனே, நான் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் மொத்தமும் வெளியே வந்துவிடும்.

வஸ்ஸலாம்.
உன் நலத்துக்காகத் துஆ செய்யும்
உம்மா,
ஆரிபா நூருல் அமீன்