கிள்ளிப்பாலத்தில் நான் கூப்பிடவில்லை

இன்று காலை கிள்ளிப்பாலத்தில் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி ரோட்டை மறித்ததில், சாலைக்கடைக்கு அரிசி ஏற்றி வந்த நாஞ்சில் நாட்டு வண்டிகள் கரமனை வரை நின்றன. உம் ஊரான நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு போய்விட்டால் இந்த அரிசி வருமா என்று வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். தார் வாசனை உமக்குப் பிடிக்கும் என்பது நினைவு வந்தது. மேற்கொண்டு ஒன்றும் தோன்றவில்லை. நீர் காய்ச்சலில் போய்விட்டீர் என்று உம் மனைவி வந்து சொல்லி எட்டு நாளாகிறது. எனக்கு அழுகை வரவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஆபீசில் நமக்கு அடுத்தடுத்த நாற்காலி. பாலத்துக்குச் சாலைக்கடைப் பக்கம் உம் வாடகை வீடு, கரமனைப் பக்கம் என் வீடு. சாயங்காலம் என்னைக் கொண்டுவிட நீர் பாலம் தாண்டி வருவீர். உம்மைக் கொண்டுவிட நான் திரும்பி வருவேன். பஸ் வந்தால் கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கி நின்று, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வோம். "ரெண்டாளுக்கும் வீடில்லயோ?" என்று தயிர்க்காரி கேட்பாள்.

அங்கே வைத்துத்தான் ஒருநாள் கேட்டீர். ஊரில் உம் அப்பா படுத்த படுக்கை. வயலைப் பார்க்க ஆளில்லை.

"வேலைய விட்டுட்டு ஊரோட போயிரட்டா சாமி? நீரு ஒரு வார்த்த சொல்லும்."

"உம்ம இஷ்டம் ஓய். நான் என்ன சொல்றது?"

பெரிய மனுஷத்தனம் என்று எனக்கு நினைப்பு. நீர் ராஜினாமாக் கடிதத்தை எழுதி, ஆபீசில் கொடுக்கச் சொல்லி என்னிடமே தந்தீர்.

நீர் புறப்பட்ட அன்று கோயிலுக்குப் போய்விட்டு நேரே உம் வீட்டுக்கு வந்தேன். ராஜினாமா வேண்டாம், லீவ் எழுதிக் கொடும் என்று சொல்லத்தான். வீடு பூட்டியிருந்தது. ஓடி வந்தால், சாமான் வண்டி பாலத்தில் ஏறிவிட்டது. பின்னால் நீரும் உம் மனைவியும். முப்பது அடிகூட இருக்காது. புறப்பட்டுப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது என்று வளர்ந்தவன் நான். அதுவும் நோயாளியைப் பார்க்கப் போகிறவரை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். பத்தரைக்கு ஆபீசில் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன்.

எட்டு நாள் முன்பு வந்தபோது உம் மனைவி சொன்னாள்: "பாலம் ஏறுனதும் அவிய நடய மெதுவாக்கிட்டாவ. 'சாமி வந்து கூப்பிடுவாரு பாரு'ன்னு சொன்னாவ. வீட்ட விட்டு எறங்குனவிய திரும்பிப் பாக்கக் கூடாதுல்லா, அதான் பாக்கல."

நேற்று என் மகள் பரீட்சைக்குக் கிளம்பினாள். தெருமுனை வரை போனவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மகள் திரும்பி வந்து, "என்னப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்லடி, போய்ட்டு வா" என்றேன்.