வால் மட்டும் ஏன் சாம்பல் நிறம்?

என் செல்வின் மக்கா,

அடுத்த ஞாயிறு வந்தால் நீ போய் ஒரு வருடம். துக்கம் ஆறிவிட்டதா என்று சபையில் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு இன்னும் கோபமே ஆறவில்லை. முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் பிள்ளைகளிடம் காட்டாத கோபமெல்லாம் எங்கேயோ சேர்ந்து கிடந்திருக்கிறது. இன்று அதை உன்மேல்தான் கொட்டப் போகிறேன்.

உன் பொம்மை விமானம் என் மேசைமேல் இருக்கிறது. இரண்டு சாண் நீளம், மூக்கில் நாலு இதழ் விசிறி, நீ துண்டு துண்டாகப் பெட்டியோடு கல்ஃபிலிருந்து தூக்கி வந்து ஒட்டினாயே, அதுதான். இடது இறக்கை மட்டும் வெள்ளியாக மின்னுகிறது. உடம்பும் வலது இறக்கையும் பளபளக்கும் கறுப்பு. வால் மட்டும் சாம்பல். ஏன் சாம்பல்? வேண்டுமென்றே விட்டாயா, கறுப்பு அடிக்க நேரம் கிடைக்கவில்லையா? ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தால் குறைந்தா போவாய்?

உன் பெண்டாட்டி ஜெயா இதை முடித்துத் தரச் சொல்லியிருக்கிறாள். “வருச ஜெபத்துக்கு அவரு போட்டோ பக்கத்துல வைக்கணும் மைனி. அவரு கூட இருந்து பாத்தது நீங்கதானே” என்றாள். அதற்குள் அவள் அண்ணன் வில்சன் வந்துவிட்டான். “எங்க வீட்டு கேட்டுக்கு அடிச்ச சில்வர் அர டின் மிச்சம் கெடக்கு. பிரஷ்ஷால ரெண்டு இழுப்பு இழுத்தா தீந்துது. இதுக்குப் போயி எதுக்கு இவ்ளோ பாடு?”

“தொட்டியோ, கைய ஒடிச்சிருவேன் பாத்துக்கோ” என்றேன். ஜெயா சிரித்துவிட்டாள். ஒரு வருடத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெள்ளி வேண்டுமென்றால் அடியில் எதற்குக் கறுப்பு என்று நான் உன்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா? மேலே வருகிற வெள்ளி ரொம்ப மெல்லிசு, அடியில் இருப்பதுதான் அதற்கு நிறம் கொடுக்கும் என்றாய். “அப்படீன்னா மெல்லிசுச் சேலைக்கு உள்பாவாட மாதிரி. வெள்ளப் பாவாடைக்கு மேல ஒரு நிறம், கறுப்புப் பாவாடைக்கு மேல வேற நிறம்” என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “இருவது வருசம் கார் பெயின்ட் அடிச்சேன் அக்கா, ஒரு மேஸ்திரியும் எனக்குப் பாவாடைன்னு சொல்லித் தரல்ல.”

இந்த வாரம் பிளாஸ்டிக் ஸ்பூன்களை வாங்கி வந்து, உன்னைப் போலவே ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நிறம் அடித்துக் காயவைத்தேன். பளபளப்பான கறுப்பின்மேல் வெள்ளி கண்ணாடியாகிவிடுகிறது. சாம்பலின்மேல் அதே வெள்ளி, நாள்பட்ட அலுமினியச் செம்பு மாதிரி அடங்கிக் கிடக்கிறது. வெள்ளைக்கு மேல் வெளிறிப் போகிறது. தங்க நிறத்தையும் சோதித்துப் பார்த்தேன். கறுப்பின்மேல் லேசாகப் பச்சையடித்தது, செம்பழுப்பின்மேல்தான் நகை மாதிரி வந்தது. ஒரு ஸ்பூனில் பொறுமையில்லாமல் கறுப்பு காய்வதற்குள் வெள்ளியை அடித்தேன். நுண்ணிய வெடிப்பாக வெடித்து நாசமாயிற்று.

நீ அப்படி ஒருநாளும் செய்ததில்லை. கறுப்பு காய முழுசாக இரண்டு நாள் விடுவாய். அந்தப் பக்கம் விரல் பட்டால்கூடக் கத்துவாய். அவ்வளவு பொறுமை இருந்ததே பாவி, ஆசுபத்திரியில் அரைமணி நேரம் உட்கார முடியவில்லையா உனக்கு?

அன்றைக்கு நடந்ததை நீயும் நானும்தான் அறிவோம். அருமனையில் ஒன்பது நாள் விடாத ஐப்பசி மழை. காற்றில் ஈரம் இருந்தால் வெள்ளி பால் படிந்தது மாதிரி மங்கிவிடும் என்று நீ தினமும் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தாய். காலையில் நெஞ்சு பிடிக்கிறது என்றாய். ஜெயா வேலைக்குப் போயிருந்தாள். நான்தான் ஆட்டோவில் கூட்டிப் போனேன். ஈசிஜி அறைக்கு வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தபோது மேகம் விலகி, ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது.

“அக்கா, வெயிலு பாத்தியா! காத்துல ஈரமே இல்ல.”

“சும்ம இரில. இன்னும் நாலு பேருதான்.”

“நாலு பேரு முடியதுக்குள்ள மானம் இருட்டிரும். இது வாயு. ஒரு சோடா குடிச்சா போவும். சாயங்காலம் வருவோம்.”

நீ எழுந்தாய். இதுவரைக்கும் ஜெயாவிடம் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் நீ கிளம்பிவிட்டாய் என்று சொல்லியிருக்கிறேன். அவளும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்: “மைனி பேச்சுக்கு மறுபேச்சு பேசாத மனுசன், அன்னைக்கு மைனி சொல்லியும் கேக்கல்ல.” அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வருடமாக.

நான் எங்கே தடுத்தேன்? ஒரு பார்வையில் ஐம்பது பிள்ளைகளை உட்கார வைத்தவள், உன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்க மாட்டேனா? எனக்கும் அந்த வெள்ளி ஏறுவதைப் பார்க்க ஆசை. சரி, சாயங்காலம் வருவோம் என்று நானும் எழுந்தேன். வழியில் சோடாவும் நான்தான் வாங்கித் தந்தேன். வீட்டில் பெயின்டைக் கலக்கித் தந்ததும் நான்தான்.

இடது இறக்கை முடிந்தது. “அக்கா, குனிஞ்சு பாரு, உன் மூஞ்சி தெரியும்” என்றாய். குனிந்தேன். தெரிந்தது. நிமிர்ந்தபோது நீ நாற்காலியில் சரிந்து கிடந்தாய்.

உன்மேல் எனக்குக் கோபம்தான், அது போகாது. நாற்பத்தொன்பது வயதுக்காரனுக்கு ஒரு வெயிலுக்கும் உயிருக்கும் வித்தியாசம் தெரியாதா? ஆனால் அந்தக் கோபத்தை உன்மேல் மட்டும் வைத்துவிட்டு, ஜெயாவின் கையால் ஒரு வருடம் காப்பி வாங்கிக் குடித்திருக்கிறேனே, என்னை என்ன சொல்வது?

மூன்று நாளாக மழை இல்லை. பெயின்ட் பீய்ச்சும் உன் ஏர்பிரஷ்ஷைக் கழுவி வைத்திருக்கிறேன். ஆனால் தொட மாட்டேன். உன் நினைவாக எழுதித் தரச் சொன்ன சபைப் பத்திரிகைக்குக் கொடுக்குமுன் இந்தக் கடிதத்தை ஜெயாவுக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டுவேன். அதன்பிறகும் “நீங்களே முடிச்சுத் தாங்க மைனி” என்று அவள் சொன்னால் முடிப்பேன். வேண்டாம் என்று சொன்னால், விமானம் இப்படியே, ஒரு இறக்கை வெள்ளியாக, அவளிடம் போய்ச் சேரும். வில்சனின் டின் மட்டும் அதன் பக்கத்தில் வராது, அதற்கு நான் பொறுப்பு.

முடித்தாலும் வாலுக்குக் கறுப்பு அடிக்க மாட்டேன். நீ விட்ட சாம்பலின்மேலேயே வெள்ளி ஏறட்டும். தப்பாக இருந்தால் அது உன் தப்பு. கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
வரிசையை விட்டு உன்னோடு எழுந்து வந்த
உன் அக்கா