உதட்டால் காட்டினால் பூஜ்யம்

அன்பு மகளே, இண்டாய் லீசல்,

இங்கே நானும் உன் அம்மாவும் உன் பிள்ளை மிக்கோவும் நலம், கோபம் மட்டும் எனக்குக் கொஞ்சம் கூடுதல். தோஹாவில் வெயில் எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. போனில் நான் கத்தியதில் பயந்திருப்பாய், அதனால் ஒழுங்காக எழுதுகிறேன்.

மிக்கோவை நம் ஊர் இலோயிலோ கிளினிக்குக்குக் கூட்டிப்போனோமா, வேண்டியதைக் காட்டிக் கேட்கிறானா என்று சோதிக்க டாக்டரம்மா பிஸ்கோச்சோ ரொட்டியை அலமாரி மேல் வைத்தார். பிள்ளை நம் ஊரில் எல்லோரும் செய்வது போல உதட்டைக் குவித்து அதைக் காட்டினான். விரல நீட்டலையே என்று பூஜ்யம் போட்டார். இன்னும் வேணுமா என்றதற்குப் புருவத்தைத் தூக்கி ஆமாம் என்றான், பதிலே இல்லை என்று அதற்கும் பூஜ்யம். அரை மணியில் ஆட்டிசம் என்று முடித்துவிட்டார். வெளியே போகும் வழி எது என்று நான் கேட்டால், அந்த அம்மாவே உதட்டைக் குவித்துத்தான் கதவைக் காட்டுகிறார்! அப்ப உங்களுக்கும் ஆட்டிசம்தானே என்று கேட்டுவிட்டேன், உன் அம்மா என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

விடுவேனா. படகேறி பாகோலோடில் இருக்கும் டாக்டர் வில்யாரூஸிடம் போனோம். காலை முழுக்கத் தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு விளையாடினார், வீட்டுப் பழக்கமெல்லாம் கேட்டார். உதடும் கணக்குதான், புருவமும் கணக்குதான், அந்தப் பூஜ்யமெல்லாம் தப்பு என்றார். நான் உன் அம்மாவைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். அதற்குப் பிறகு கேட்டார், வேணுங்கிறதக் கேட்டு வாங்கக் காட்டுறான் சரி, ஆனா இதப் பாருங்க தாத்தான்னு ஒரு நாயையோ படகையோ சும்மா உங்களுக்குக் காட்டியிருக்கானா என்று. நானும் உன் அம்மாவும் யோசித்து யோசித்துப் பார்த்தோம், ஒரு தடவைகூட இல்லை. இன்னும் பலதையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொன்னார், ஆட்டிசம்தான் இண்டாய். முதல் டாக்டரம்மா கணக்கைத் தப்பாகப் போட்டும் விடை சரியாக வந்துவிட்டதே, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அழுதும்விட்டேன், உன் அம்மா சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

வேலையை விட்டு ஓடிவராதே, பிள்ளையின் பயிற்சிக்கு இங்கேயே இடம் கிடைத்துவிட்டது. வீடியோவில் அம்மாவப் பாரு அம்மாவப் பாரு என்று அவனிடம் கெஞ்சுவதை மட்டும் நிறுத்து. அவன் பார்த்துக்கொண்டே இருக்கும் மின்விசிறியை இப்போது நானும் பக்கத்தில் படுத்துப் பார்க்கிறேன். நேற்று ஒரு தடவை, நானும் பார்க்கிறேனா என்று திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

தேவமாதா உன் கூடவே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை கூப்பிடுவதற்குள் ஒரு சின்ன மின்விசிறி வாங்கு, அதைச் சுற்றவிட்டு போனை அதன் பக்கம் திருப்பி வை, நீயும் அதையே பார்.

உன் அப்பா,
ரெமிகியோ