பச்சை டேப் வைத்த கழுத்து

மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று காலை அவிநாசி டவுன் பஸ்ஸில், முன் சீட்டுக்காரரின் டி-சர்ட் காலரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டேன். "ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்று திரும்பினார். "கொசுங்க" என்றேன். நம்பவில்லை. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன், ஆபீஸ் இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்தும்.

உன்னிடமிருந்து தொற்றிய வியாதி இது. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், வியாதி என்னிடம் தங்கிவிட்டது.

ஜெர்மனியில் நாம் ஏறிய அந்தப் படுக்கை ரயில் நினைவுக்கு வந்தது. துவைத்தால் காலர் தொளதொளவென்று ஆகிறது, ஆர்டரை ரத்து செய்யப் போகிறோம் என்று அங்கே நம் சரக்கை வாங்கும் பையர் அம்மாள் எழுதியிருந்தார். ரத்தானால் உன் பனியன் கம்பெனியைப் பூட்டிச் சாவியை பேங்கில் கொடுக்க வேண்டியதுதான். நேரில் போய்ப் பேசலாம் என்று கிளம்பினோம். விமானமும் ஓட்டலும் வேண்டாம் என்றாய். "படுக்கையும் ஆச்சு, பயணமும் ஆச்சு. இங்கிலீசு பேச நீ வா மச்சா." என் இங்கிலீசை நம்பி ஒரு கம்பெனியே புறப்பட்டது!

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும் அங்கே வெயில் அடித்தது. டீ விற்பவர் இல்லை, எந்த ஊர் என்று கேட்பவர் இல்லை. விரிப்பைக் கொடுத்த சிப்பந்திகூடக் கிசுகிசுத்தார். "எழவு ஊடே இதுக்குக் கலகலன்னு இருக்கும்" என்றாய்.

அப்போதுதான் எதிர்ப் படுக்கைப் பெரியவர் கோட்டைக் கழற்றினார். உள்ளே வெளுத்துப்போன நீல டி-சர்ட். தலையணையை எடுக்க அவர் குனிந்ததும், நீ எட்டி அவர் காலரைப் புரட்டியே விட்டாய்.

"கழுத்துத் தையல் மேல பச்சை டேப்பு! வெள்ளை தீந்துபோயி நாம வெச்சது, நம்ம சரக்கு மச்சா. காலரு பாரு, கல்லாட்டம் நிக்குது!"

பெரியவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சிப்பந்தியை அழைக்கும் மணியை அழுத்தினார். நீயோ கைகூப்பி, நம்ம ஊர்த் தமிழிலேயே, "தப்பா நெனைக்காதீங்க. இதைக் கழட்டிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க" என்றாய். ஓடிவந்த சிப்பந்தி என்னைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஆளிடம் சட்டையைக் கழற்றித் தரச் சொல்லும் வாக்கியத்தை எந்தப் பள்ளியும் எனக்குக் கற்றுத் தரவில்லை. வேர்த்து விறுவிறுத்து, தையல் மெஷினை ஓட்டிக் காட்டி, ஒருவழியாகப் புரியவைத்தேன்.

பெரியவர் சிரித்தே விட்டார். பல வருடமாகத் தூங்கப் போகும்போது இதைத்தான் போடுகிறாராம். அதை நான் சொன்னதும் மாலை போட்ட மாப்பிள்ளையைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாய். நீங்களா செய்தீர்கள் என்று கேட்டார். "நானில்லீங்க, எங்க கம்பெனிப் புள்ளைங்க தெச்சதுன்னு சொல்லு மச்சா" என்றாய். அதையும் மொழிபெயர்த்தேன். நமது புது சாம்பிள் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பழையதை மடித்து உன் கையில் கொடுத்தார்.

மறுநாள் அதை மேசைமேல் விரித்தாய். பையர் அம்மாள் ஏதோ புரியாதவர்போலக் காலரை இழுத்தார், விட்டார். அது பழையபடி நின்றது. "ஆர்டர் உங்களுக்குத்தானே" என்றார். கார் நிறுத்தும் இடத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

இப்போது உன் மகள் கம்பெனியை நடத்துகிறாள். கூட்டம் கூடும் இடத்திலெல்லாம், இவர்களில் யாரோ ஒருவர் நம் பிள்ளைகள் தைத்ததைப் போட்டிருப்பார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறேன். நீ கொடுத்துவிட்டுப் போன திமிர் அது. குறையவில்லை.

உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று, மாப்பிள்ளை. புகார் வேறு கம்பெனிச் சரக்கைப் பற்றியது, மன்னிக்கவும், உங்கள் ஆர்டர் உறுதி, வர வேண்டியதில்லை என்ற பையர் அம்மாளின் மெயில் நாம் ரயிலேறிய அன்று காலையே வந்திருக்கிறது. ரோமிங்குக்குக் காசாகும் என்று இரண்டு பேரும் போனை அணைத்து வைத்திருந்தோம்.